இடது பக்கம்

முதலில் பிளக்கைக் கழற்றினேன்.
கழற்றியும் பத்து நிமிடம் கை வைக்கவில்லை.
கப்பாசிற்றர் கரண்டை உடனே விட்டுவிடாது,
சண்டை முடிந்த பிறகும்
கோப்பையைச் சத்தமாக வைக்கிற யூஜினியைப் போல.

ஆறு ஸ்க்ரூ. ஒன்று துருவேறித் தலை வழுகிவிட்டது.
குருநகரில் கடற்காற்று
யன்னலால் வரும், கதவால் வரும்,
பூட்டிய பெட்டிக்குள்ளும் குடியிருக்கும்.
மூடியைத் தூக்கினால் தூசி,
பல்லி முட்டைக் கோது ஒன்று,
சூடு தணிக்கும் அலுமினியத் தகடுகளுக்கிடையில்
மெலிற்றா தொலைத்த தோட்டுச் சுரை.

மூடியின் உட்புறம் என் பென்சில் எழுத்து:
2017 மார்கழி. பியூஸ். மூன்று அம்பியர்.
2020 வைகாசி. பல்லி. சப்ளையில் கருகினது.
2022. கரண்ட் இல்லை. பெட்டியில் பிழை இல்லை.

இந்த முறை இடது பக்கம்.
அடியோடு செத்துவிட்டதென்றும் சொல்ல முடியாது;
சுவருக்கு அப்பால் ஆரோ கதைப்பது போல.

பழைய பெயின்ற் பிரஷ்ஷால் தூசி தட்டினேன்.
பாமசி ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்து
பின்பக்கச் சொக்கெட்டுகளைத் துடைத்தேன்,
பச்சையாய் வந்தது களிம்பு.
வொல்யூம் குமிழுக்குள் இரண்டு துளி விட்டு
இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே
முப்பது தரம் திருகினேன்.
கரகரப்புப் போயிற்று.
இடது வரவில்லை.

பெருநாளில் போனில் பதிந்த பாண்ட் வாத்தியம்தான்
என் சோதனைப் பாட்டு:
இடப்பக்கம் ட்ரம்பெற், வலப்பக்கம் பெரிய மேளம்.
மேளம் நெஞ்சில் இடிக்கிறது,
ட்ரம்பெற்காரனைக் காணோம்.

வயரை இடம் வலம் மாற்றி மாட்டு.
மௌனமும் மாறினால் பிழை பெட்டியில்,
இருந்த இடத்திலேயே இருந்தால் ஸ்பீக்கரில்.
இதில் ஏமாந்தவர் இல்லை.
மாற்றினேன். மௌனம் இடத்தில்தான் இருந்தது.
ஸ்பீக்கர்களைத் தூக்கி மாற்றி வைத்தேன்,
இடுப்புப் பிடித்ததுதான் மிச்சம்.
மௌனம் அசையவில்லை.

பெட்டியில் இல்லை, வயரில் இல்லை, ஸ்பீக்கரில் இல்லை.
சுவரிலா பிழை?

"ரெண்டும்தானே அப்பா வாசிக்குது"
கணக்குக் கொப்பியிலிருந்து தலை தூக்காமல் மெலிற்றா.
"வடிவாக் கேள்."
"வடிவாத்தான் கேக்குது. நீங்கள்தான்
ரீவியையும் கூட்டிக் கூட்டி வைக்கிறது."

பழையபடி எல்லாவற்றையும் மாட்டிவிட்டு
உருண்டோடிய ஸ்க்ரூவை எடுக்க
ஸ்பீக்கர்களுக்கு முதுகைக் காட்டிக் குனிந்தேன்.
வந்தான் ட்ரம்பெற்காரன்.
தெளிவாக, எச்சில் தெறிக்க,
இவ்வளவு நேரமும் தெருமுனையில் நின்றவன் போல.
நிமிர்ந்து திரும்பினேன்; போனான்.
மறுபடி முதுகு காட்டினேன்; வந்தான்.

ஐஸ் பக்டறியில் பத்தொன்பது வருசம்
கொம்பிரசருக்கு இடக்கையால் எண்ணெய் விட்டவன் நான்.
அது இரவு பகல் கத்தும்,
அந்தக் கத்தல் எனக்குப் பழகிப்போனதென்று
பெருமையாய்ச் சொல்லித் திரிந்தேன்.

பலன்ஸ் குமிழை இடப்பக்கம் திருகப் போனேன்.
"அப்ப எங்களுக்குச் சரிஞ்சு கேக்கும்"
குசினிக்குள் இருந்து யூஜினி.
அவளுக்கு எல்லாம் கேட்கும்.
எப்போதிருந்து தெரியும் என்று நான் கேட்கவில்லை.
சாப்பிடும்போது எனக்கு வலப்பக்கக் கதிரைக்கு
அவள் எப்போது மாறினாள் என்று
யோசித்துப் பார்த்தேன்; ஞாபகம் இல்லை.

குமிழை நடுவில் விட்டேன்.
மூடிக்குள் பென்சிலால் எழுதினேன்:
ஆவணி. இடது சனல். பெட்டியில் பிழை இல்லை.
ஐந்து ஸ்க்ரூவைப் பூட்டினேன்.
வழுகினதுக்குப் புதிது வாங்க வேண்டும்.