ஒன்பதாம் மாடிக்கு இருபது தெத்ரி

எங்கள் வர்க்கெத்திலியில் லிஃப்ட் காசு கேட்கும்.
ஏறுவதற்கு இருபது தெத்ரி.
இறங்குவது இலவசம்.
யார் வகுத்த நியாயமோ,
எனக்குப் பிடித்திருக்கிறது.

பதினேழு வருடமாக
அந்த உண்டியல்களைத் திறப்பவன் நான்.
புதன்கிழமை தவறாமல்
நாற்பத்தோரு வாசல், நாற்பத்தோரு தகரப் பெட்டி.
பையில் கவிழ்த்தால்
காய்ந்த பீன்ஸை மண்சட்டியில் கொட்டுகிற சத்தம்.
பசிக்கும்.

காசோடு காசாக
வேறு சிலவும் விழும்.
துருக்கிக் காசு.
லிஃப்ட் நம்பிவிடுகிற இரும்பு வாஷர்.
கோட்டுப் பொத்தான்.
ஒருமுறை ஒரு பால்பல்,
வேரில் இன்னும் கொஞ்சம் சிவப்போடு.

எல்லாவற்றையும் எழுதித் தரவேண்டும் என்பது விதி.
கணக்கர் த்சியாலாவுக்கு நல்ல கையெழுத்து.
அதை ஏன் இதில் வீணாக்குவது?
வாஷர்கள் மைத்துனன் ஆன்ஸோருக்கு,
அவன் வீட்டில் ஒழுகாத குழாய் இல்லை.
பொத்தான்கள் என் சட்டைக்கு.
ஒன்றைப்போல் ஒன்று இருக்காது.
"பாதிக் கட்டடம் உன் மார்பில்தான் குடியிருக்கிறது"
என்பாள் லாம்ஸிரா.
பல்லை மட்டும்
பெட்டியின் தலையிலேயே வைத்துவிட்டு வந்தேன்.
அடுத்த புதன் அது அங்கே இல்லை.

என்னிடம் சாவி இருக்கிறது.
எந்த லிஃப்டிலும் சும்மா போகலாம்.
போவேன், நாற்பது வாசலில்.
நாற்பத்தொன்றாவதில்
பெட்டியைக் காலி செய்து, பூட்டி,
என் பையிலிருந்து இருபது தெத்ரி எடுத்துப் போடுவேன்.
காலிப் பெட்டியில்
முதல் காசு விழும் சத்தம்
வேறு எந்தக் காசுக்கும் கிடையாது.

பிறகு ஏற்றம்.
கதவிடுக்கு வழியாக
இரண்டாம் மாடியில் வெங்காயம் வதங்கும்.
நான்கில் வார்னிஷ்.
ஆறில் ஒரு கிளாரினெட்,
சென்ற இலையுதிர் காலத்திலிருந்து
அதே மூன்று ஸ்வரம்,
நாலாவதன் வாசல்வரை போய்
செருப்பைக் கழற்றாமல் திரும்பிவிடும்.
ஏழில் மார்ச்சுக்குப் பிறகு ஒன்றுமில்லை.
ஒன்பதில் ஒரு உடைந்த ஜன்னல்,
எதிர்க் கட்டடம்வரை நீளும் துணிக்கயிறு,
யாரோ ஒருவரின் பத்துக் காலுறைகள்,
அவற்றுக்குப் பின்னால் மலை.

அங்கே நின்று
ஷோத்தி ரொட்டியின் ஒரு மூக்கை மட்டும் பிய்த்துத் தின்பேன்.
படகுபோல் இரண்டு மூக்கு அதற்கு.
ஒரு மூக்கில்லாத ரொட்டியையே
பதினேழு வருடமாக வாங்கி வைக்கிறாள் லாம்ஸிரா,
அடுப்பிலிருந்தே அப்படித்தான் வருகிறது
என்பதுபோல.

போன புதன்
ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில்
கரண்ட் போனது.
கும்மிருட்டு.
மடியில் முப்பது கிலோ சில்லறை,
கக்கத்தில் சுடச்சுட ரொட்டி.
அலாரப் பொத்தானை அமுக்கினேன்,
அதற்கும் கரண்ட் வேண்டும்.
சரி என்று
காசு மூட்டைமேல் உட்கார்ந்தேன்.
ஒரு மூக்கு தீர்ந்தது.

கீழே கிளாரினெட் மட்டும் நிற்கவில்லை.
இருட்டில் தாளைப் பார்க்க முடியாதவர்
விரல் போன போக்கில் போகிறார் போல.
ஒன்று.
இரண்டு.
மூன்று.

நாலு.

நான் கத்திவிட்டேன்.
என்ன கத்தினேன் என்று நினைவில்லை,
கதவை உள்ளங்கையால் தட்டினேன்,
பூட்டிய பெட்டிக்குள்
என் இருபது தெத்ரி குதித்தது.
அந்தப் பக்கம் சட்டென்று அமைதி.
"யாரது?" என்றது ஒரு கனத்த ஆண்குரல்,
குழந்தை என்றல்லவா நினைத்திருந்தேன்,
அறுபது வயதாவது இருக்கும்.
"லிஃப்டில் மாட்டியவன்.
இன்னொரு தரம் வாசியுங்கள்."

வாசித்தார்.
இந்த முறை வரவில்லை.
அடுத்த முறை வந்தது.
நாற்பது நிமிடம் போனதே தெரியவில்லை,
வெளிச்சம் வந்தபோது
கொஞ்சம் கோபம்கூட வந்தது.

வீட்டில் லாம்ஸிரா
ரொட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"இரண்டு மூக்கும் இல்லையே, ஜும்பேர்?"

"இருட்டாக இருந்தது" என்றேன்.
"நாலாவது ஸ்வரம் வந்துவிட்டது."

யாருடையது, எங்கே, எதுவும் கேட்கவில்லை.
இருந்த நடுத்துண்டைக் கையால் பிளந்து
உப்புச் சீஸை வைத்து
பெரிய பாதியை
தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.