மேற்படி இனம்

நாற்பத்தோரு நாள் வேலை பார்த்தேன்.
ஆரம்பாக்கம் தாண்டி, சோதனைச் சாவடி தாண்டி,
தடாவுக்கு மேற்கே ஒரு பொம்மைக் கம்பெனி.
கரடிக்குக் கண் ஒட்டும் வரிசையில் பதினேழாவது ஆள்.
இடது கண் எனக்கு.
வலது கண் சூளூர்ப்பேட்டை மஸ்தானம்மாவுக்கு.
நாற்பத்தோராம் நாள் சாயந்தரம்
கம்பெனி பஸ்ஸில் கால் வைக்கும்போது
சூப்பர்வைசர் சொன்னார்: ரேபு ராவொத்து.
நாளைக்கு வரவேண்டாம் என்பதற்கு
எங்கள் ஊரில் யாருக்கும் மொழிபெயர்ப்பு தேவையில்லை.

வேலை போனதை அலுவலகத்துக்கு எப்படிச் சொல்வது,
கிடைத்ததையே சொல்லாதபோது?
மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆயிரத்து இருநூறு
போனில் ஒரு சின்னச் சத்தமாக வந்துகொண்டிருந்தது.
எனக்கு வேலையில்லை என்று அரசாங்கம் நம்பியது.
நானும் அதையேதான் நம்பினேன்.
அந்த நாற்பத்தோரு நாள் மட்டும்
ஒரு பி.எஃப். எண்ணுக்குள்
சுருண்டு படுத்திருந்தது.

இரண்டு வருடம் கழித்து எழுந்து வந்தது.
தகுதியின்றிப் பெற்ற ஏழு காலாண்டுத் தொகை
ரூபாய் எட்டாயிரத்து நானூறு மட்டும்.
அந்த 'மட்டும்' போட்டவருக்கு
மாதச் சம்பளம் இருந்திருக்கும்.

திருவள்ளூர் அலுவலகத்தில்
மின்விசிறிக்கு நேர் கீழே எழுத்தர் இசக்கியப்பன்,
தாள் பறக்காமலிருக்க டிபன் கேரியர் மூடியை வைத்துக்கொண்டு.
திட்டவில்லை. அதுதான் பயமாயிருந்தது.
கட்ட முடியாதுன்னு எழுதிக் குடுங்க தாயி,
மேல அனுப்புதேன், என்றார்.

ஒன்பதாம் கேள்வி:
பெற்ற தொகையை எவ்வாறு செலவிட்டீர்?
தின்றுவிட்டோம் என்று எழுதினேன்.
அடித்துவிட்டு, குடும்பப் பராமரிப்பு என்று போடச் சொன்னார்.
போட்டேன்.
உண்மையில் அதில் பாதி
வேலைக்கான விண்ணப்பக் கட்டணம்,
பாஸ்போர்ட் சைஸ் போட்டோ,
பரீட்சை எழுதக் காஞ்சிபுரம் போய்வந்த பஸ்.
அந்தக் கட்டம் அவ்வளவு பெரியதில்லை.

பத்தாம் கேள்வி:
தொகை தவறாக வருவது தங்களுக்குத் தெரியுமா?
தெரியும் என்றால் திருடி.
தெரியாது என்றால்
பிளஸ் டூ கணக்கில் நூற்றெழுபத்தொன்று எடுத்தவள்
அப்படிச் சொல்லக்கூடாது.
சந்தேகம் இருந்தது, என்று எழுதினேன்.
அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.
அடிக்கவில்லை.

ஐந்து மாதம் கழித்து ஆணை. இரண்டே வரி.
பார்வையில் காணும் மனு பரிசீலிக்கப்பட்டது.
மேற்படி இனம் தள்ளுபடி செய்யப்படுகிறது.

கடனைத் தள்ளுபடி செய்திருந்தால் பிழைத்தேன்.
மனுவைத் தள்ளுபடி செய்திருந்தால் கட்டவேண்டும்.
மேற்படி என்றால் எந்தப் படி?
நல்ல சேதிதான், என்றார் தபால்காரர்
கையெழுத்து வாங்கிக்கொண்டே.
பொன்னேரி வக்கீலின் குமாஸ்தா
தாளைத் திருப்பி முதுகையும் பார்த்துவிட்டு
உதட்டைப் பிதுக்கினார்.

மஸ்தானம்மாவுக்குப் போனில் படித்துக் காட்டினேன்.
எங்க பாஷையில ரெண்டுக்கும் வேற வேற சொல்லு;
கடனுன்னா மாஃபி, மனுன்னா கொட்டிவேத்த.
ஒங்காளுங்க மட்டும் ஏன் இப்படி?
சிரித்தாள். அவளுக்கும் ரேபு ராவொத்து வந்து
ஒரு வருடமாகிறது.

இசக்கியப்பனுக்கு ஒரு போன் போட்டால் போதும்.
எண் இருக்கிறது. மாற்றலாகியும் போகவில்லை.
எடுத்து, பெயர்வரை வந்து, வைத்துவிடுகிறேன்.

ரயில்வே கேட் பக்கம் ஜெராக்ஸ் கடையில் இருக்கிறேன் இப்போது.
சம்பளம் கையில்; எந்த எண்ணுக்குள்ளும் போவதில்லை.
கடைசி நாள் என் பைக்குள் வந்துவிட்ட கரடி ஒன்று
பீரோ மேல் உட்கார்ந்திருக்கிறது.
இடது கண் மட்டும்.
முதுகுத் தையலைப் பிரித்து
சனிக்கிழமைதோறும் நூறு ரூபாய் செருகுகிறேன்.
ஆயிரத்து நூறு சேர்ந்திருக்கிறது.
கடனா, சேமிப்பா என்று
அதனிடம் இன்னும் சொல்லவில்லை.