பாதி டெஸ்ட்

செக்காலை ரோட்டிலிருந்து பிரியும் சந்தில்
எங்கள் லேபுக்கு இரண்டு ஜன்னல்.
ஒன்றில் கையை நீட்ட வேண்டும், ஒன்றில் காசை.
நான் இரண்டாவதில் இருக்கிறேன், ஒன்பது வருஷமாக.

சி.ஆர்.பி. நானூற்றைம்பது என்றேன்.
பஞ்சவர்ணம், நாற்பத்தாறு, புதுவயல்.
அரிசி மில்லில் நெல் அவிக்கிற வேலை.
முழங்கால் இரண்டும் வீங்கி
சேலைக்கு மேலேயே தெரிந்தது.
டாக்டர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு,
"பாதி டெஸ்ட் இருக்கா?" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது.
அவளுக்கு வரவில்லை.

"பஸ்ஸு ஓசி. பெரியாஸ்பத்திரியும் ஓசிதான்.
மருந்து தீந்துபோச்சு, வந்தா வாங்கிறாக.
திங்கிற மருந்தான்னு கேட்டேன்,
டெஸ்ட் பண்ற மருந்தாம்."

முன்பெல்லாம் ஈ.எஸ்.ஆர். எழுதுவார்கள். எண்பது ரூபாய்.
மெல்லிய குழாயில் ரத்தத்தை நிறுத்திவிட்டு
ஒரு மணி நேரம் சும்மா இருக்க வேண்டும்.
சிவப்பு தானாக இறங்கும்.
எவ்வளவு இறங்கியதென்று ஸ்கேலில் பார்த்துச் சொல்வோம்.
அந்த ஸ்டாண்டில் இப்போது
பேனாக்கள் நிற்கின்றன.

"எங்க மில்லுல நெல்லு ஈரம் பாக்க மிசின் இருக்கு.
ஒரு கை நெல்லப் போட்டா நம்பர் காட்டும்.
காசு வாங்குறதில்ல.
மூட்டைக்கு இம்புட்டுன்னு கழிச்சுக்குவாக."
"அதுவும் காசுதானே."
கொஞ்சம் யோசித்தாள்.
"அதுவும் காசுதான்."

நானூற்றைம்பதைப் பிரித்துச் சொல்லியிருக்கலாம்.
ஊசி, டியூப், பஞ்சு எல்லாம் சேர்த்துப் பதினைந்து.
டெஸ்ட் மருந்து எழுபது.
வாடகை, கரண்ட், மிஷின் கடன், ரத்தம் எடுக்கும் ஃபாத்திமுத்து,
நான், என் நாற்காலி.
முதலாளி.
மீதி நூற்றைம்பது
சீட்டு எழுதிய கைக்கே திரும்பிப் போகும்,
மாசக் கடைசியில், வெள்ளைக் கவரில்.
அந்தக் கவர்களை ஒட்டுவதும் நான்தான்.
சொல்லவில்லை.
பில்லில் அதற்கு ஒரு வரி கிடையாது.

சனிக்கிழமைக் கூலிப் பணத்தை எண்ணிக் கொடுத்தாள்.
நோட்டில் தவிட்டு வாசம்.
ஃபாத்திமுத்து நரம்பைத் தேட, பஞ்சவர்ணம்
"நல்லா எடும்மா, முழுசாத்தான் கட்டியிருக்கேன்" என்றாள்.

நாற்பத்தொன்று. ஆறுக்குள் இருக்க வேண்டியது.
ரிப்போர்ட்டின் அடியில் தமிழிலும் அச்சடித்திருக்கிறோம்:
அழற்சி.
அழல் என்றால் தீ.
பதினெட்டு வருஷம் உமித்தீக்கு முன்னால் நின்றவளிடம்
உடம்பில் தீ இருக்கிறது என்று
மடித்துக் கொடுத்தேன்.

டாக்டரைப் பார்த்துவிட்டு மறுபடி ஜன்னலுக்கு வந்தாள்.
"பத்து நாள் கழிச்சு இன்னொருவாட்டி எடுக்கணுமாம்."
"ஆமா."
"அப்பயும் இதே வெலையா?"
"ஆமா."
"நம்பரு கொறஞ்சிருந்தா?"

பின்னால் இருந்தவர் ஐந்நூறு நோட்டை நீட்டிவிட்டார்.
நான் அதற்குச் சில்லறை தேடினேன்.

பத்து நாள் ஆனது, பதினேழு ஆனது.
புதுவயல் பஸ் வரும் நேரத்தில்
சந்து முனையை இரண்டொரு முறை பார்த்தேன்.
பார்க்கிறேன் என்பது
அப்புறம்தான் எனக்கே தெரிந்தது.

மாசக் கடைசி. கவர் வாங்க
கம்பவுண்டர் அருணகிரி வந்தார்.
பணத்தை எண்ணினார், பிறகு நோட்டை எடுத்துச்
சீட்டுகளை எண்ணினார்.
"இருபத்தாறு பேர் அனுப்பியிருக்கோம்.
இருபத்தஞ்சுக்குத்தான் வந்திருக்கு."

"ஒருத்தர் வரலை."

"யாரு?"

பேர் நாக்கு நுனி வரை வந்தது.
ஸ்டாண்டிலிருந்து ஒரு பேனாவை உருவி
அவரிடம் கொடுத்தேன்.
இருபத்தைந்து என்று எழுதச் சொன்னேன்.