வெற்று எடை

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு
ஆலையில் கடைசி லோடு செம்பனைக் குலையைக் கொட்டிவிட்டு
லோரியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவேன்.
பிசுக்கு முழுசாகப் போகாது.
போன மாதம் ஒரு கல்யாணத்தில்
பட்டுப் புடவையில் கறை என்று
ஐம்பது வெள்ளி தண்டம்.
அதிலிருந்து தார்ப்பாய் விரித்துத்தான் நாற்காலி ஏற்றுகிறேன்,
சிவப்பு கீழே, வெள்ளை மேலே.

லாபிஸில் சனி ஞாயிறு என்ன நடக்கும் என்பது
முதலில் தெரிவது எனக்குத்தான்.
யார் வீட்டில் காது குத்து,
எந்தப் பள்ளியில் பரிசளிப்பு,
ரயிலடியில் சிலாட் பிள்ளைகளுக்கு எத்தனை கூடாரம்,
யாருக்கும் யாருக்கும் பேச்சில்லாமல்
ஒரே தெருவில் இரண்டு ஆடிக்கூழ்.

சீனர்களுக்கு இது பேய் மாதம்.
நேற்று ராத்திரி கோயில் திடலில் கூத்து.
ஆ சூன் நூற்றிருபது கேட்டான்.
முன்வரிசை பத்தில் ஒரு குழந்தையைக்கூட
உட்கார விடவில்லை.
காலியாகத்தானே கிடக்கிறது என்றேன்.
"வந்துட்டாங்க" என்றான் மலாயில், குரலைத் தணித்து.
காசு எண்ணும்போது
அந்தப் பத்துக்கும் சேர்த்தே எண்ணினான்.

சனிக்கிழமை நாலு மணி.
டேவான் மாடியில் வாசகர் வட்டத்தின் கவிதை மாலை.
செயலாளர் குணாளன் எண்பது சொல்லியிருந்தார்.
லிஃப்ட் கிடையாது.
நானும் ரஃபிக்கும் ஆளுக்கு ஐந்தாக எட்டு நடை.

வந்தது பத்துப் பேர்,
வாசிக்கிறவர்களையும் சேர்த்து.
ஒருத்தர் வடைக்கு.
ஒரு பையன், கீழே பேட்மிண்டனில் அவன் முறை வரும்வரை.
படத்தில் கூட்டம் தெரிய வேண்டுமே,
"அண்ணே, நீங்களும் உட்காருங்க" என்றார் குணாளன்.

பன்னிரண்டு வருஷமாய்ச் சுமக்கிற நாற்காலி.
உட்கார்ந்த பிறகுதான் தெரிகிறது,
இடது கால் நொண்டுகிறது.
யாரோ ஆணியால் கீறிய பெயர் ஒன்று
சட்டை வழியே முதுகில் உறுத்துகிறது.

முதல் ஆள் கடலைப் பற்றி வாசித்தார்.
இங்கிருந்து கடலுக்கு ஒன்றரை மணி நேரம்.
இரண்டாமவர் நிலாவை விட்டு இறங்கவே இல்லை.
நான் கொட்டாவியை மென்று விழுங்கினேன்.

மூன்றாவதாக எழுந்தது தவமலர்.
ஆலை எடைமேடைக் கிளார்க்.
கண்ணாடித் துளையில் நீளும் கையை மட்டும்
தினம் நாலு தடவை பார்ப்பேன்.
இன்றைக்குத்தான் முழு ஆளாக,
உதட்டுச் சாயத்தோடு.
பழைய எடைச்சீட்டின் பின்பக்கம் பென்சில் எழுத்து.

*நிறைந்து வருகிறாய், எழுதிக்கொள்கிறேன்.
காலியாகப் போகிறாய், எழுதிக்கொள்கிறேன்.
கழித்தது போக மிஞ்சுவது பழம்.
காலி என்று நான் எழுதும்
நாலாயிரத்து முந்நூற்றுப் பத்தில்
இரும்பு உண்டு, டீசல் உண்டு,
கழுவாத சோற்றுப் பாத்திரம் உண்டு,
ஸ்டியரிங் பிடித்த ஒரு மனிதனும் உண்டு.
அவனை மட்டும் நிறுக்க
இந்தத் தராசில் பொத்தான் இல்லை.*

நாலாயிரத்து முந்நூற்றுப் பத்து என் லோரி.
இருளாண்டியின் லோரியும் கிட்டத்தட்ட அதுதான்,
இருபது முப்பது கிலோ ஏறக்குறைய.
நான் கேட்கவில்லை.
அவளும் என் பக்கம் பார்க்கவில்லை.

பதினோரு பேர் கை தட்டினால்
தகரக் கூரையில் முதல் தூறல் மாதிரி
விட்டு விட்டுக் கேட்கிறது.
காலி வரிசைகளைத் திரும்பிப் பார்த்தேன்.
ஆ சூன் இருந்தால் ஏதாவது சொல்லியிருப்பான்.
என் கண்ணுக்கு நாற்காலிதான் தெரிந்தது.

"உட்கார்ந்தது பதினொண்ணுதானே அண்ணே,
பார்த்துப் போடுங்க."
ஏற்றியது எண்பது, இறக்கியதும் எண்பது என்றேன்.
அவர் முகம் சுண்டிவிட்டது.
சொந்தக் காசாக இருக்கும்.
பில் புத்தகத்தில் எழுபத்தொன்பது என்று எழுதினேன்.
ஒன்று ஏன் குறைகிறது என்று
அவர் இரண்டு தடவை கேட்டார்.

கீழே ரஃபிக் ஹார்ன் அடிக்கிறான்.
விடிந்தால் சிகாமட் ரோட்டில் கல்யாணம்.
முந்நூறு, வெள்ளை மட்டும்.
சிவப்பில் ஒருத்தரும் உட்கார மாட்டார்களாம்.