கல்

முப்பத்துநாலாம் வாரம்.
நொகுதூலா என் வயிற்றில் ஜெல்லைத் தடவி
ஒரே இடத்தில் நெடுநேரம் கையை நிறுத்தினாள்.
ஈரலடியில் புளியங்கொட்டையாய் ஒரு கறுப்பு,
அதற்குள் மூன்று வெள்ளைப் பொட்டு.

“பித்தப்பையில் கல்.
பிறந்தபின் பெரும்பாலும் தானே கரையும்.”
பெரும்பாலும்.

சாட்ஸ்வர்த்தில் வளர்ந்த எனக்குத்
தமிழ் ஒரு கைப்பிடிதான்.
அதில் இது உண்டு:
பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு.

ஹிகின்சன் சாலையில் ரோபோ சிவப்பு.
சிக்னலுக்கு இங்கே அதுதான் பேர்.
தனியாகச் சிரித்தேன்,
ஸ்டியரிங் நனைய.

பித்து என்னோடு இருக்கட்டும்.
உனக்கு என்னடா அவசரம்?
கல்லாவதற்கு வயசு கிடக்கிறது,
முதலில் அழுதுகொண்டு வா.

பின்னால் ஹாரன்.
பச்சை எப்போதோ விழுந்திருக்கிறது.