நாற்பது விநாடி மிச்சம்

பள்ளிக்கூட உள்ளரங்கில்
கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே
வனவிலங்கு ஆணையத்தார் ஐந்து பேர்.
பேச ஆளுக்கு மூன்று நிமிடம்.
மேசைமேல் பச்சை, மஞ்சள், சிவப்பு.
இந்த ஊருக்கு வந்த முதல் சிக்னல் என்று
பின்வரிசையில் யாரோ சொல்ல
ஆணையத்தாரும் சிரித்துவிட்டார்கள்.

என் எண் முப்பத்தொன்று.
டெல்பர்ட் ஹாஸ்கின்ஸ், டீசல் மெக்கானிக்.
காட்டுக் கேமராவுக்குத் தடை வேண்டாம் என்கிற கட்சி.
தாளில் எழுதி மகளிடம் படித்துக் காட்டி
இரண்டு கெட்ட வார்த்தைகளை அடித்துவிட்டு வந்திருந்தேன்.

இருபத்தொன்பதாவது ஆள் கார்பின் ஸ்லேட்.
பணக்காரர்களை வேட்டைக்குக் கூட்டிப்போகிறவன்.
நானூறு கேமரா.
மான் தண்ணீரில் வாய் வைக்கும்போதே
டல்லஸில் ஒருவன் கைபேசி சிணுங்கும்.
அவனும் என் கட்சிதான்.
பக்கத்தில் நிற்பவனை நாமா பொறுக்கி எடுக்கிறோம்?

முப்பது, லோர்ன் பெட்ராக்.
தொப்பியைக் கழற்றிவிட்டுப் பேசினார்.
"ஒரே குட்டைக்கு முப்பத்தேழு கேமரா.
நானே எண்ணினேன்.
ஒளிய இடமில்லாத மிருகத்தைச் சுடுவதற்கு
வேட்டை என்று பெயர் வைக்காதீர்கள்.
கடைக்குப் போய் வந்தேன் என்று சொல்லுங்கள்."
கைதட்டல் கொஞ்சம். முனகல் நிறைய.

பிறகு நான்.

"ஒன்பது வருடம் குலுக்கலில் பெயர் போட்டேன்.
போன வருடம்தான் சீட்டு விழுந்தது,
ஓர் எல்க், ஒன்பது நாள்.
வாரத்தில் ஆறு நாள் லாரிக்கு அடியில் கிடக்கிறவன் நான்.
மலை தொண்ணூறு மைல்.
காசுள்ளவன் ஆள் வைத்து மலையைப் பார்ப்பான்,
எனக்கு ஜூனிப்பரில் கட்டிய மூன்று பெட்டிகள்.
கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு
அவை காத்திருப்பது உண்மைதான்.
ஆனால் செவ்வாய்க்கிழமை வந்த மான்
புதன்கிழமையும் வருவதாக
எந்தப் பெட்டியும் எனக்கு எழுதிக் கொடுத்ததில்லை.
ஒன்பது நாளும் முடிந்து
வெறும் பிக்கப்போடு வீடு திரும்பினேன்."

மஞ்சள் எரிந்தது.
ஓரத்தில் இருந்த அம்மாள் கண்ணாடியை இறக்கி,
"விலங்கு தவிர வேறு என்ன விழும் அதில்?" என்றார்.

ஆகஸ்ட் பத்தொன்பது, காலை ஐந்து ஐம்பத்திரண்டு.
ஊற்றுக்கு மேலே தட்டைப் பாறையில்
லோர்ன் பெட்ராக்.
மே மாதம் மனைவியைப் புதைத்தவர்.
ஏழு நாற்பது வரை இருபத்தாறு படங்கள்.
ஏதாவது அசைந்தால்தான் அந்தப் பெட்டி கண் திறக்கும்.
அதனால் தோள் எப்போதெல்லாம் குலுங்கியது என்று
எனக்கு மணிக் கணக்கோடு தெரியும்.
பதினான்காவது படத்தில்
பத்தடி தள்ளி ஒரு பெண் எல்க்,
பக்கத்தில் கன்று,
இரண்டும் குனிந்து தண்ணீர் குடிக்கின்றன.
அவர் நிமிரவில்லை.
அவையும் அவரைப் பொருட்படுத்தவில்லை.

இரண்டாம் வரிசையில்
தொப்பியை முழங்காலில் வைத்து உட்கார்ந்திருந்தார்,
படத்தில் இருந்தபடியே.

"புல்," என்றேன்.
"காற்றடித்தால் புல். நாலாயிரத்தில் பாதிக்கு மேல் புல்தான்."
அரங்கம் சிரித்தது.
இன்னும் நாற்பது விநாடி இருக்கிறது என்றார்கள்.
போதும் என்று உட்கார்ந்தேன்.

முடிவை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்தார்கள்.
வெளியே பனியில் பெட்ராக்கின் வண்டி
முக்கி முக்கி அடங்கியது.
என் பேட்டரியிலிருந்து கம்பி இழுத்துக் கொடுத்தேன்.
"நன்றாகப் பேசினாய்," என்றார்,
"அத்தனையும் தப்பு."
"நீங்களும்தான்," என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மலையேறி
ஊற்றுக் கேமராவை அவிழ்த்து
மான் தடத்தைப் பார்க்க வேறொரு மரத்தில் கட்டினேன்.
பாறை இனி அதன் கண்ணில் படாது.
அடுத்த மாதமும் போவேன்.
தடை வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

மெமரி கார்டு ஸ்பேனர் பெட்டியில் கிடக்கிறது.
அந்த இருபத்தாறையும் அழிக்கவில்லை.
அழிப்பதென்றால்
ஒவ்வொன்றாய் மறுபடி பார்க்க வேண்டும்.