பதினேழரை ஆம்பியர்

அக்டோபர் மூன்றாம் வாரம்.
வடக்கு டகோட்டா முழுக்க மக்காச்சோளம்
ஈரத்தோடு வந்து இறங்கிக்கொண்டிருந்தது.
ஹ்ருஸ்கா கிடங்கின் வாசலில் தொடங்கிய லாரி வரிசை
தேவாலயம் தாண்டியும் நின்றது.
"ஒரே ஒரு குழாய்தான் வாங்கிப் போட்டிருக்கிறேன், மார்லிஸ்.
மூன்று மோட்டாரையும் அதிலேயே அடக்கிவிடு"
என்றான் ஆர்லின்.

காற்றாடிக்கு ஒன்று, ஏற்றும் திருகுக்கு ஒன்று,
வாளிச் சங்கிலிக்கு ஒன்று.
ஒவ்வொன்றும் பத்துக் குதிரைசக்தி,
ஆளுக்குப் பதினான்கு ஆம்பியர்,
ஆளுக்கு மூன்று கம்பி.
பச்சைக் கம்பி கணக்கில் வராது,
சும்மா இருப்பதுதான் அதற்குச் சம்பளம்.

வண்டியின் பானெட் மேல் அட்டையை வைத்து எழுதினேன்.
பதினான்கோடு கால் பங்கு கூட்டினால் பதினேழரை.
பதினாலாம் நம்பர் கம்பி
தனியாய் இருந்தால் இருபத்தைந்து தாங்கும்.
எண் ஏற ஏற மெலிகிற வம்சம் அது.
கூடி வாழ்ந்தால் கோடி நன்மை என்பதெல்லாம் நமக்கு.
ஒன்பது கம்பி ஒரு குழாயில் கூடினால்
ஒருத்தி சூட்டில் இன்னொருத்தி வேக வேண்டும்.
நூற்றுக்கு எழுபதுதான் மிஞ்சும்.
இருபத்தைந்தில் எழுபது சதம்,
பதினேழரை.

வேண்டியதும் பதினேழரை, கிடைப்பதும் பதினேழரை.
பென்சிலைக் காதில் செருகி
கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
பத்தொன்பது வருஷத்தில் எந்தக் கணக்கும்
இப்படி வந்து கைகுலுக்கியதில்லை.
பதினாலாம் நம்பர் சுருள் வண்டியிலேயே இருந்தது.
பன்னிரண்டு வேண்டுமென்றால்
மைனாட்டுக்கு நாற்பது மைல்.

அப்புறம்தான் உள்ளே போனேன்.

குழாய் போகும் வழி
தானிய உலர்த்தியின் பக்கத் தகரத்தை ஒட்டி.
வெளியே நாய்க்கு வைத்த தண்ணீர் கல்லாய் உறைந்திருந்தது.
இங்கே தெர்மாமீட்டர் காட்டியது நூற்றுநான்கு.
குழந்தைக்கு என்றால் ஆஸ்பத்திரிக்கு ஓடுவோம்.
சூட்டுக்கு இன்னும் ஒன்பது சதம் கழி.
பதினாறுக்கும் கீழே போய்விட்டது
என் அழகான பதினேழரை.

"ஒன்றரை ஆம்பியர்தானே?"
ஒன்றரைதான்.
அது யாரையும் இன்றைக்கே எரிக்காது.
உறையைச் சிறுதீயில் வைத்ததுபோல் வைத்திருந்து
ஏதோ ஒரு வருஷம், ஏதோ ஒரு ராத்திரி
இறக்கி வைக்கும்.

போய் வந்தேன்.
பழைய இருபது ஆம்பியர் பிரேக்கரையும் கழற்றினேன்.
ஒவ்வொரு தடவையும் அது விழ,
ஆர்லின் துடைப்பக் கட்டையால் நிமிர்த்தி நிமிர்த்தி
அதன் கைப்பிடியே தேய்ந்திருந்தது.
புதிதில் முப்பத்தைந்து என்று பார்த்ததும் குதித்தான்.
"கம்பிக்கு அத்தனை கறார் பண்ணினாய்,
காவல்காரனுக்கு இரட்டிப்புத் தாராளமா?"

மோட்டார் தூங்கி எழும்போது
ஆறு மடங்கு ஆத்திரத்தோடு எழும்.
அதைப் பார்த்தும் பாராமல் இருக்கத் தெரிய வேண்டும் பிரேக்கருக்கு.
கொலை நடந்தால் மட்டும் அது எழுந்து வந்தால் போதும்.
நாள்பட்ட முனகலைக் கேட்க
கீழே ஓவர்லோடு ரிலே இருக்கிறது,
சின்னக் காது, கூர்மையான காது.
இவ்வளவும் சொன்னேனா என்று நினைவில்லை.
"விழாது" என்று மட்டும் சொன்னதாக ஞாபகம்.

இருட்டிய பிறகு ஒவ்வொன்றாய் எழுப்பினேன்.
அலுவலக விளக்கு மூன்று தடவை கண் சிமிட்டியது.
குழாயின் மேல் உள்ளங்கையை வைத்தேன்.
சூடு உள்ளேயிருந்து வருகிறதா, தகரத்திலிருந்தா,
தெரியவில்லை.
கையை எடுக்கவுமில்லை.

எண்பது மைல் டீசலைப் பில்லில் ஏற்றாதே என்று
ஆர்லின் இரைச்சலுக்கு மேல் கத்தினான்.
ஏற்றிவிட்டேன்.